பெரட்டுக்கு ஒரு நாக்கு

ஈப்போவில் பாதித் தமிழ்க் கல்யாணங்களை நடத்திவைத்தவள் பிரமிளா என்று சொன்னால் குருக்கள்மார் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மண்டப வாசலில் நிற்கும் பேனரில் மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைத்து, பெண்ணின் முகப்பருவைத் துடைத்து, இரண்டு பேரையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யாராம்? லஹாட் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் அச்சுக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்த்துவரும் வேலை அதுதான். கருமாதிப் படமென்றாலும் அவள்தான். நாற்பத்தாறு வயதுக்குள் அவள் கைபட்டு வெளுத்த முகங்களுக்குக் கணக்கே கிடையாது. தன் முகத்தை மட்டும் எந்தப் படத்திலும் நேராகக் காட்டமாட்டாள். கேமராவைத் தூக்கினால் யாருக்கோ தண்ணீர் எடுத்துவரக் கிளம்பிவிடுவாள்.

இப்படிப்பட்டவள் ஒரு சினிமா எடுத்தாள். ஆறு நிமிஷப் படம்தான், அனிமேஷன்தான். ஆனாலும் சினிமா சினிமாதானே?

எல்லாம் ஒரு மயிலால் வந்த வினை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு கோயில்காரர்கள் மின்பலகைக்கு முருகன் படம் கேட்டு வந்தார்கள். “மயிலு கொஞ்சம் அசைஞ்சா நல்லா இருக்கும்லா” என்று போகிற போக்கில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பிரமிளா இணையத்தில் தேடி, எட்டுப் படம் வரைந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். மயில் தோகையை விரித்தது. அவள் கடைக்குள்ளேயே கையைத் தட்டிக் குதித்ததில், கருமாதி அட்டை எடுக்க வந்திருந்தவர் முறைத்துப் பார்த்தார். பிரமிளா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எட்டுப் படத்தில் ஒரு மயில் ஆடுமென்றால் எண்ணூறு படத்தில் என்ன ஆடாது? எட்டாயிரத்தில்?

அன்று பிடித்த பைத்தியம் தெளியவில்லை. பழைய வரைபலகை ஒன்றை வாங்கிக் கணினியில் செருகினாள். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஏழு மணிவரை வரைவாள். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம். இரண்டு மணி நேரம் முதுகு ஒடிய வரைந்தால் ஒரு பூனை வாசலைத் தாண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் தனேஸ்வரன் காலையில் தேநீரோடு வந்து எட்டிப் பார்த்து, “பூன இன்னும் அங்கயேதான் நிக்குதா?” என்று கேட்பார். அவள் கோபப்படமாட்டாள். அந்த வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எதை வரைவது என்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பெரட்டைத்தான் வரைய வேண்டும்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பொழுது விடியுமுன்னே ரப்பர்ப் பால்மரக் காட்டுக்குப் போகிற ஆட்கள் தோட்டத்து ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்க, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். பேர் கேட்டதும் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அன்றைக்கு வேலை. அதற்குத்தான் பெரட்டு என்று பேர். வெள்ளைக்காரத் துரை ‘பரேட்’ என்று சொன்னது நம் ஆட்கள் வாயில் பெரட்டானது என்கிறார்கள்.

ஐந்து வயதுப் பிரமிளாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? செமோரைத் தாண்டிப் பச்சைப்பாலத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் அவள் பாயில் கண்மூடிப் படுத்திருப்பாள். இருட்டில் எங்கேயோ தண்டவாளத் துண்டை யாரோ அடிப்பார்கள். டங், டங். அம்மா ராக்காயி தலையில் துணியைச் சுற்றிக்கொண்டே பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பாள்: “பெரட்டுக்கு நேரமாச்சு! பெரட்டுல பேரக் குடுத்துட்டு வாரேன், புள்ளயப் பாத்துக்க!”

பெரட்டு என்பது ஒரு பூதம் என்று பிரமிளா முடிவு கட்டினாள். இருட்டில் உட்கார்ந்திருக்கும், டங் டங்கென்று பல்லைக் கடிக்கும், அம்மாமார்களின் பேர்களைத் தின்னும். அதற்கு அவளிடம் சாட்சியமும் இருந்தது. சாயங்காலம் அம்மா திரும்பி வரும்போது அவளுக்குப் பேரே இருக்காது. அப்பா “இந்தா” என்பார். அக்கம்பக்கம் “பிரமிளாம்மா” என்று கூப்பிடும். ராக்காயி என்று ஒருத்தரும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. கொடுத்த பேரைப் பெரட்டு திருப்பித் தரவில்லை என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

படத்தின் கதை அதுதான். ஒரு சிறுமி அம்மாவின் பேரை மீட்டுவர இருட்டுக்குள் நடந்து பூதத்தின் வயிற்றுக்குள் போகிறாள். தகர உடம்பு, நெற்றியில் ஒற்றை விளக்கு, தண்டவாளத் துண்டுகளால் ஆன பல். முதல் முறையாக அது பல்லைக் கடித்து நடந்த அன்று, பிரமிளா நாற்காலியோடு பின்னால் சரிந்தாள். அவ்வளவு பயங்கரமாக இருந்தது. அவ்வளவு பெருமையாகவும் இருந்தது.

சத்தத்துக்கு மிதுலனைப் பிடித்தாள். தைப்பிங்காரன், முப்பது வயது. கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வைப்பவன். அவன் வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லோரும் அரசாங்க உத்தியோகம். பூர்வீகம் யாழ்ப்பாணம். படத்தின் பேர் ‘பெரட்டு’ என்று அவள் போனில் சொன்னதும் அவன் உற்சாகமாகிவிட்டான்.

“ஓம் அக்கா, செய்வோம். ஆட்டிறைச்சிப் பெரட்டலா, கோழியா?”

“அலமாக்! சமையல் இல்லலா மிதுலன். பெரட்டு! பேரு கூப்புடுவாங்களே, தோட்டத்துல?”

அவனுக்குத் தெரியவில்லை. பிரமிளா அரைமணி நேரம் விளக்கினாள். கேட்டு முடித்துவிட்டு, “அப்ப சாப்பாடு ஒண்டும் இல்லையா?” என்றான். இருந்தாலும் ஆள் கெட்டிக்காரன். பழைய தண்டவாளத் துண்டு ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, அடித்துப் பதிவுசெய்துகொண்டு வந்தான்.

முனீஸ்வரர் பூஜைக்குப் பதினேழு நாள் இருந்தது. தோட்டத்தில் இப்போது மிச்சமிருப்பது அந்தக் கோயில் ஒன்றுதான். மற்றதெல்லாம் வீடமைப்புப் பகுதி. லயம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. வருஷத்துக்கு ஒரு நாள் பழைய ஆட்கள் திரும்பி வந்து பூஜை போடுவார்கள். அவர்கள் முன்னால்தான் படத்தை முதலில் காட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. இன்னொரு ஆசையும் இருந்தது, அதுதான் பெரிய ஆசை. படத்தின் கடைசியில், மீட்டெடுத்த பேரை யாரோ கூப்பிட, அம்மா “இருக்கேன்” என்கிறாள். அந்த ஒரு வார்த்தை ராக்காயியின் சொந்தக் குரலில் இருக்க வேண்டும்.

ராக்காயிக்கு எழுபத்திரண்டு வயது. புந்தோங்கில் மகள் வீட்டில்தான் இருந்தாள். வாய் நீளம், நடை வேகம், தொலைக்காட்சித் தொடர்களில் வில்லிகளுக்கு யோசனை சொல்கிறவள். சமையலறை மேசையில் கணினியை வைத்து ஒரு காலைவேளையில் பிரமிளா அவளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினாள். தன் முதுகுக்குப் பின்னால் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ராக்காயி முழுக்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “இது என்னா?”

“பெரட்டும்மா. சின்னதுல நான் பெரட்டப் பேயின்னு நெனச்சேன்ல...”

“பல்லு இருக்கு. நாக்கு எங்க?”

“ஆ?”

“நாக்கு இல்லாம எப்படிலா அது பேரு கூப்புடும்?”

பிரமிளா பூதத்தின் வாயைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டரை வருஷம் வரைந்திருக்கிறாள். பூதத்தின் தகரத்தில் எத்தனை ஆணி என்றுகூடத் தெரியும். நாக்கு அவள் நினைப்பிலேயே வரவில்லை.

ராக்காயிக்குக் கோபம் வந்துவிட்டது. “பெரட்டப் போயி பேயாக்கி வெச்சிருக்க! வீட்டுல உங்கப்பா ‘இந்தா’ம்பாரு. லயத்துல பிரமிளாம்மா. பால் ஊத்தப் போனா வாளி நம்பரச் சொல்லிக் கூப்புடுவானுங்க. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவதான் எம் பேரு எங்காதுல விழும், தெரியுமா? பெரட்டுல. ‘மாயாண்டி ராக்காயி’ன்னு. எங்கப்பன் பேரும் எம்பேரும் சேந்து வரும். அத்தன பேரு முன்னால நான் ‘இருக்கேன்’னுவேன். காச்ச அடிச்சாக்கூட அதுக்காகவே எந்திரிச்சுப் போயிருக்கேன்.”

“கிராணி திட்டுவாருன்னு நீதானம்மா சொல்லுவ?”

“திட்டுவான். கெட்ட வாயி. அஞ்சு நிமிசம் லேட்டாப் போனா திருப்பி அனுப்பிருவான், பாவி. அது வேற, இது வேற. எம் பேர அது திங்கல. அதுதான் கூப்புட்டுச்சு.” அவள் எழுந்து கோப்பையைக் கழுவப் போனாள். “கொரலு கிரலு எல்லாம் நான் தரமாட்டேன். வேற ஆளப் பாரு.”

இந்த இடத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். பிரமிளாவுக்கு அழத்தான் முதலில் வந்தது. ஆனால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவளின் தலைக்குள் அந்த நாக்கு புரள ஆரம்பித்தது. நாக்கு எப்படி இருக்கும்? நீளமாக இருக்கும். பெரட்டுப் புத்தகத்தின் தாள்மாதிரி இருக்கும். அதில் வரி வரியாகப் பேர் எழுதியிருக்கும். சிறுமி பல்லைத் தாண்டி உள்ளே போகிறாள், நாக்கு விரிகிறது, ஒவ்வொரு பேராகக் கூப்பிடக் கூப்பிட எழுத்துகள் எழுந்து ஆளாகி நடக்கின்றன! அவள் ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டாள். அச்சுக்கடைத் திருப்பத்தை விட்டு மெங்லெம்பு வரை போய்விட்டாள். நேரம் கழித்துக் கடைக்கு வந்தவளை முதலாளி திட்டினார். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள்.

பதினேழு நாளில் ஐம்பது விநாடிப் படத்தை அடியோடு மாற்றி வரைவது என்றால் பைத்தியக்காரத்தனம். கணக்குப் போட்டுப் பார்த்த மிதுலன் தலையில் கை வைத்தான். அவள் விடுப்பு எடுத்தாள். ராகம் போட்டுக்கொண்டு வரைந்தாள். தனேஸ்வரன் சமைத்தார், சாம்பார் என்று சொல்லி ஏதோ கொடுத்தார், அவள் அதையும் சாப்பிட்டாள். ‘மா’ என்ற எழுத்து கையை ஊன்றி எழுந்து முண்டாசு கட்டிய ஆளாக மாறியபோது, “வாங்க, வந்து பாருங்க!” என்று வீட்டையே கூப்பிட்டாள். ராக்காயியும் வந்தாள். பார்த்துவிட்டுத் தன் தொடருக்கே திரும்பினாள். ஆனால் மறுநாள் காலையில், “எங்க போயி பேசணும்?” என்று தானாகவே கேட்டாள்.

பிரமிளா மோட்டாரில் பறந்தாள், பின்னால் ராக்காயி.

மிதுலனின் பதிவறை என்பது ஒரு பெரிய அலமாரி, அவ்வளவுதான். சுற்றிலும் மெத்தைத் துண்டுகள். ராக்காயியை நாற்காலியில் உட்காரவைத்து, அவன் கிராணியாகி அழைக்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும்.

“ராக்காயி அம்மா!” என்றான்.

“கிராணி அம்மான்னா கூப்புடுவான்? அப்படிக் கூப்புட்டிருந்தா நாங்க வீட்டுலயே உக்காந்திருப்போம்லா.”

அவன் தொண்டையைச் செருமினான். “மாயாண்டி ராக்காயி...” என்று நன்றாகத் தொடங்கி, கடைசியில் “...அம்மா” என்று மெல்லச் சேர்த்துவிட்டான். வயதில் பெரியவளை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் வளர்ந்த வீட்டில் வாயைத் தைத்துவிடுவார்கள். மூன்றாம் முறையும் அம்மா வந்தது. நான்காம் முறை அம்மா வரவில்லை, ஆனால் மன்னிப்புக் கேட்கிற குரலாக இருந்தது.

“உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்கதான் அந்தக் காலத்துல கிராணி வேல பாத்தாங்க. ஒனக்குக் கூப்புட வரலயே!” என்று சிரித்துவிட்டு ராக்காயி எழுந்துகொண்டாள். “தம்பி, நீ என்னயக் கூப்புடல. மைக்குகிட்டப் பேசுற. கூப்புட்டாதான பதிலு வரும்? அலமாரிக்குள்ள ஒக்காந்துகிட்டு யாருக்குன்னு நான் ‘இருக்கேன்’னு சொல்றது?”

அதோடு போய்விட்டாள். பிரமிளா எவ்வளவு கெஞ்சியும் திரும்பி வரவில்லை.

மிதுலனுக்கு மானம் போய்விட்டது. தைப்பிங்குக்குப் போகவர, காருக்குள் கத்திக் கத்திப் பழகினான். செமோர் சமிக்ஞை விளக்கில் கண்ணாடி இறங்கியிருந்ததைக் கவனிக்காமல் “மாயாண்டி ராக்காயி!” என்று அவன் முழங்க, பக்கத்து மோட்டாரில் இருந்த சீனப் பெரியவர் ஹெல்மெட்டைக் கழற்றி அவனை மேலும் கீழும் பார்த்தாராம். ஆனால் அந்த முழக்கம்தான் கடைசியில் பதிவானது. கேட்டதும் பிரமிளாவுக்குப் புல்லரித்தது. கூப்பிட்டால் காடே எழுந்துவரும் குரல்.

மற்ற பேர்களுக்குப் பதில் சொல்ல ஆட்கள் கிடைத்தார்கள். ராக்காயியின் பதில்தான் இல்லை. “அக்கா, நீங்களே சொல்லிடுங்களேன்” என்றான் மிதுலன். அவள் சொன்னாள். போட்டுக் கேட்டாள். ‘இருக்கேன்’ என்றுதான் அந்தக் குரல் சொன்னது. ஆனால் அது பிரமிளா. அழித்துவிட்டாள்.

“அந்த எடத்துல ஒண்ணும் வேணாம். சும்மா விடு.”

“மூண்டு செகண்ட் சத்தமே இல்லாட்டி ஸ்பீக்கர் பழுதெண்டு நினைப்பாங்க அக்கா.”

“நெனைக்கட்டும்.”

துணிந்து சொல்லிவிட்டாள். பயம் பிறகுதான் வந்தது. பெரட்டில் பேர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். ஊரே கூடியிருக்கும்போது, தான் எடுத்த படத்திலேயே, தன் அம்மா இல்லை என்று ஆகிவிட்டால்? மூன்று விநாடி என்பது முப்பத்தாறு படம். முப்பத்தாறிலும் அம்மாவின் முதுகை வரைந்திருந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் திரும்புவாள். இந்த இடைவெளியைப் பற்றி ராக்காயியிடம் அவள் மூச்சுக்கூட விடவில்லை.

பூஜை நாள் வந்தது. வழக்கமாக அறுபது பேர் வருவார்கள். அன்றைக்கு இருநூறுக்கு மேல்! கார் நிறுத்த இடமில்லை. பாரிட் புந்தாரிலிருந்து தோட்டத்துப் பழைய ஆளான புஷ்பலதா அக்கா நாலடுக்குத் தூக்குச்சட்டியோடு இறங்கினார். அவர் மட்டுமா, எல்லோர் கையிலும் ஏதோ ஒரு டப்பா. பிரமிளாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, புஷ்பலதா போனை நீட்டும்வரை. கோயில் செயலாளர் அப்பாவு, முன்னாள் தோட்டத்து லாரி ஓட்டுநர், புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், செய்தியைத் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு வாயால் சொல்லியிருக்கிறார். தோட்டத்து வார்த்தை போனுக்கு எங்கே தெரியும்? ‘பூஜைக்குப் பின் ஏழரை மணிக்குப் பிரமிளாவின் பெரட்டல். அனைவரும் திரண்டு வருக’ என்று போட்டுவிட்டது.

“புங்குஸ் பண்ணிக்கலாம்ல பிரமிளா?” என்று புஷ்பலதா வீட்டுக்குக் கட்டி எடுத்துப்போகத் தூக்குச்சட்டியைக் காட்டினார்.

அப்பாவு அடுப்புப் பக்கம் ஓடினார். முனீஸ்வரருக்கு வெட்டிய கிடாய் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. விறகைத் தள்ளி, மிளகைக் கொட்டி, சுண்டவைத்துப் பெரட்டலாக்கினார்கள். இருநூறு பேருக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு வந்தது. “சினிமாவும் உண்டாமே” என்று வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தேடினார்கள்.

கோயில் சுவரில் வெள்ளைத்துணி. இருட்ட ஆரம்பித்திருந்தது. மிதுலன் விரலை உயர்த்தினான். ராக்காயி மூன்றாவது வரிசையில், புஷ்பலதா பக்கத்தில், பெரட்டலின் உப்பைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பிரமிளா துணிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். தண்ணீர் எடுத்துவர எங்கும் ஓடவில்லை. எல்லோருடைய முகமும் அங்கிருந்து தெரிந்தது.

டங், டங்.

பேச்சு நின்றது. இருநூறு பேரும் ஒரே வீச்சில் நிமிர்ந்தார்கள். யாரோ, “அடியாத்தே, பெரட்டு மணி!” என்றார். தகரப் பூதம் வந்தபோது சிரித்தார்கள். அது பல்லைக் கடித்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் அலறினார்கள், அதைக் கேட்டுப் பிரமிளாவுக்குக் காது இனித்தது. சிறுமி வாய்க்குள் நுழைந்தாள். நாக்கு விரிந்தது. குரல் முழங்கியது. ஒவ்வொரு பேருக்கும் எழுத்து எழுந்து ஆளாகி நின்றது. “இருக்கேன்.” “இருக்கேன்ங்க.” கூட்டத்தில் சிரிப்பு அடங்கிப்போனது. ஒரு கிழவர் தன் அண்ணன் பேரைக் கேட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“மாயாண்டி ராக்காயி!”

துணியில் ஒரு பெண்ணின் முதுகு. தலையில் சுற்றிய துணி. சத்தமில்லை.

ஒன்று. மிதுலன் தரையைப் பார்த்தான்.

இரண்டு. புஷ்பலதா ராக்காயியின் பக்கம் திரும்பினார். பிரமிளா தன்னையே திட்டிக்கொண்டாள். ஏன் இப்படிச் செய்தேன், என் குரலையே போட்டிருக்கலாமே என்று...

“இருக்கேன்!”

ராக்காயி எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையில் பெரட்டல் தட்டு. முதுகு நேராக, தாடை மேலே. துணியில் இருந்த பெண் அந்தக் குரலுக்கே திரும்பியதுபோலத் திரும்பி, இளைய ராக்காயியின் முகத்தைக் காட்டினாள்.

கோயிலே அதிர்ந்தது. கைதட்டலா, கூச்சலா, விசிலா, எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “எம்பேரு ஏன்லா வரல? அப்பாவு புஷ்பலதா! போடு எம் பேர!” என்று புஷ்பலதா சண்டைக்கு வந்தார். செயலாளர் அப்பாவு, “அது நான் இல்லங்க, அவங்கப்பா பேரும் அப்பாவு” என்று விளக்கிக்கொண்டிருந்தார். பிரமிளா நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். அழுதாள், சிரித்தாள்.

ராக்காயி இன்னும் உட்காரவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு துணியையே பார்த்தாள்.

“இன்னொரு தடவ கூப்புடச் சொல்லு” என்றாள். “மொதத் தடவ நான் கொஞ்சம் மெதுவாச் சொல்லிட்டேன்.”

மிதுலன் படத்தைப் பின்னுக்கு ஓட்டினான்.